யானைக்காசின் பின்பக்கம்

நான் முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் உங்களுக்குப் பெருமை, எனக்கு அவமானம். அதுவும் சாதாரண முட்டாள் இல்லை. இருநூறு வருடத்துச் செப்புக் காசு ஒன்றுக்கு மணப்பெண் அலங்காரம் செய்த முட்டாள். அதன் வயிற்றுக்குக் கீழே இருந்த பள்ளத்தைப் பருவைப் போல அழித்தேன். அதன் பின்பக்கத்தைத் திருகி நேராக வைத்தேன்.

அதோடு நின்றிருந்தால் நீங்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் அதனால் ஒரு நேர்மையான மனிதர் சபை நடுவே திருடனைப் போல நின்றார். நான் அதே சபையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உண்மை என் நாக்கின் மேல் இருந்தது. அதை விழுங்கிவிட்டு ஒரு நகைச்சுவை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று வருடமாகிறது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில்…

சொல்கிறேன். முறையாகச் சொல்கிறேன்.

கோவையில், கணபதிப் பகுதியில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக் கொடிக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. வாசலில் ‘ஸ்டுடியோ’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுதாவிட்டால் கோழிக்கூடு என்று நினைப்பார்கள். பக்கத்துக் கட்டடத்தில் லேத் பட்டறை. அங்கே இயந்திரம் ஓடினால் என் தரை அதிரும். தரை அதிர்ந்தால் கேமரா நடுங்கும். கேமரா நடுங்கினால் காசின் மேலுள்ள யானைக்கு இரண்டு தும்பிக்கை முளைக்கும். ஆகவே பட்டறைக்காரர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில்தான் என் தொழில் நடக்கும். அவர்கள் கூடுதலாக ஒரு வடை தின்றால் எனக்குக் கூடுதலாக நாலு படம்.

அதற்கு முன்னால் இருபது வருடம் கல்யாணப் படம் எடுத்தேன். “அம்மணி, தலையைச் சித்தெ நேரா வைங்க” என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது. சொல்லியும் கேட்காத தலைகளைக் கணினியில் நிமிர்த்தினேன். பருக்களை அழித்தேன். மாப்பிள்ளைகளின் முன்நெற்றியில் முடி நட்டேன். முறைத்துக்கொண்டு நின்ற சம்பந்திகளின் வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் புன்னகையாக்கினேன். ஒருவரும் என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை. “கைராசிங்க உங்களுக்கு” என்றார்கள்.

அந்தக் கைதான் பிறகு காசுகளைத் தொட்டது.

நாணயம் சேகரிப்பவர்களுக்குத் தட்டையான படம் போதாது. காசைக் கையில் வைத்துச் சாய்க்கும்போது வெளிச்சம் அதன் மேடுபள்ளங்களில் ஓடுமே, அதுதான் அவர்களுக்கு வேண்டும். அதைத் திரையில் கொண்டுவர நான் கற்றுக்கொண்டேன். கேக்குக்குக் கிரீம் தடவ பேக்கரியில் வைத்திருக்கும் சுழல்தட்டு ஒன்றை வாங்கினேன். அதன் நடுவே காசு. தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு படம். விளக்கைத் தாழ்த்தி ஒரு சுற்று, உயர்த்தி ஒரு சுற்று. அத்தனை படங்களையும் கணினி ஒன்றோடொன்று பொருத்தி, முப்பரிமாண உருவமாகக் கட்டித் தரும். முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி. ஒரு பக்கம் மட்டும் வெந்த இரண்டு தோசைகளை முதுகோடு முதுகு ஒட்டுவதுபோல, இரண்டையும் நான் ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்து அசைவு கொடுத்தால் காசு திரையில் தானாகச் சுழலும். அதன் மேல் விளக்கு நகரும். யானை மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

என் பாவம் அந்த ஒட்டுகிற இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அந்தக் காலத்துக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவே செப்பு வில்லை; ஓங்கி ஒரு சம்மட்டி அடி. மேல் அச்சை அந்த அடியின்போது எப்படிப் பிடித்தார்களோ, பின்பக்கம் அப்படி விழும். ஒரு காசில் நேராக, இன்னொன்றில் சாய்வாக, வேறொன்றில் தலைகீழாக. யானை நேராக நிற்கும்படி காசைப் பிடித்துத் திருப்பினால், பின்பக்கத்து எழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கிட்டத்தட்ட அந்தக் காசின் கைரேகை. அதனால் விளிம்பில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு, இருந்த சாய்வை இருந்தபடியே ஒட்ட வேண்டும்.

எனக்கு இது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை…

யூசுப் பாய்க்குக் கோட்டைமேட்டுச் சந்து ஒன்றில் தராசு பழுதுபார்க்கும் கடை. அறுபதைத் தாண்டியவர். ஆர்.எஸ்.புரத்து நகைக்கடைகளின் தங்கத் தராசுகள் அவருடைய மேசைக்குத்தான் வரும். நகைக்கடைக்காரர் தன் தராசை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் போவது லேசான காரியமா? கடைச் சாவியைக்கூடக் கொடுத்துவிடுவார்கள், தராசைக் கொடுக்க மாட்டார்கள். பாயிடம் கொடுத்தார்கள்.

தன் மூச்சு தராசுத் தட்டில் படக்கூடாது என்று, வேலையின்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் அவர் பேசுவார். நாற்பது வருடத்தில் அந்தப் பழக்கம் முற்றிவிட்டது. வீதியில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டே “சௌக்கியமுங்களா” என்பார். தெரியாதவர்கள் கோபம் என்று நினைப்பார்கள். “பாய் என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கறாரு, நான் என்ன அவ்வளவு கனமாவா இருக்கேன்?” என்று நான் கிண்டல் செய்வேன். அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரிப்பார்.

அவரும் நானும் ஒரே நாணயச் சங்கத்தில் உறுப்பினர்கள். அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒரே ஒரு காசு இருந்தது. மைசூர் சுல்தான் காலத்துச் செப்புக் காசு. ஒரு பக்கம் தும்பிக்கை தூக்கிய யானை. மறுபக்கம் பாரசீக எழுத்து. யானையின் வயிற்றுக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம். பின்பக்கத்து எழுத்து, கடிகாரத்தில் நாலு மணியைக் காட்டும் முள்போலச் சாய்ந்திருக்கும்.

அவிநாசியில் நூல் மில் வைத்திருக்கும் நாச்சிமுத்து அண்ணனும் எங்கள் சங்கம்தான். அதே வகையில் ஒன்று அவரிடமும் இருந்தது. “ஜோடியை எதுக்குங்க பிரிச்சு வெக்கறது, அவர்கிட்டயே போகட்டும்” என்று பாய் தன் காசை அவருக்கு விற்க முடிவு செய்தார். அண்ணனுக்கு மில் வேலை. கோவைக்கு வந்து பார்க்க நேரமில்லை. சுழலும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

பாய் அந்தக் காசை மாத்திரை உறையில் போட்டு, சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டே என் மாடிப்படி ஏறி வந்தார்.

“டீ நேரத்துக்குள்ள எடுத்துப்போடுவீங்களா தம்பி?”

“உங்க யானை ஆடாம நின்னாப் போதுங்க பாய்.”

எடுத்தேன். காசை என்னிடமே விட்டுவிட்டு அவர் போன பிறகு கணினியில் கட்டினேன். அடையாளத்தின்படி ஒட்டினேன். காசு சுழன்றது. யானை அற்புதமாக வந்தது. காசு திரும்பியதும், அந்த எழுத்து மாலை சரிந்த மாப்பிள்ளை மாதிரி கோணிக்கொண்டு நின்றது.

என் கை பொறுக்கவில்லை. அந்தப் பாரசீகத்தில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது. இணையத்தில் வேறொரு காசின் படத்தைப் பார்த்து, எது மேல், எது கீழ் என்று தெரிந்துகொண்டேன். ஒரே ஓர் இழுப்பு. எழுத்து நிமிர்ந்தது. ‘தலையைச் சித்தெ நேரா வைங்க அம்மணி.’ பிறகு வயிற்றுக்குக் கீழே அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது. அதையும் நிரவினேன். கண்ணுக்கு மை தீட்டவில்லை, அந்த மட்டும் யானைக்கு அதிர்ஷ்டம்.

படத்தைப் பார்க்கவும் காசைத் திரும்ப வாங்கவும் பாய் மறுநாள் வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

“எழுத்து நேரா நிக்குதேங்க தம்பி. என்ற காசுல சாஞ்சிருக்குமே.”

இங்கே நிறுத்துகிறேன். நீங்களும் நில்லுங்கள். இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘ஆமாங்க பாய், அழகுக்காகத் திருப்பிப்போட்டேன், இதோ மாத்தித் தர்றேன்.’ இவ்வளவுதான். இரண்டு நொடி வேலை. ஆனால் வித்தை காட்டிக்கொண்டிருப்பவனிடம், ‘கயிறு தெரியுதே’ என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

“அது முப்பரிமாணமுங்க பாய். வெளிச்சம் சுத்தி வர்றப்ப அப்படித்தான் தெரியும்.”

“அப்படிங்களா. பள்ளமும் காணோமுங்க.”

“வெளிச்சம் உள்ள போச்சுன்னா பள்ளம் ரொம்பிக்குமுங்க.”

இப்படி ஒரு விஞ்ஞானம் உலகத்தில் கிடையாது. நான் அந்த நிமிடத்தில் கண்டுபிடித்தது. பாய் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு சொன்னார்: “எனக்கு எடை மட்டுந்தானுங்க தெரியும். இது நீங்க படிச்ச படிப்பு.”

நம்பிவிட்டார். அரிசி மணி அளவு பிசகினாலும் தராசை நம்பாத மனிதர், என் வாயை நம்பிவிட்டார்.

படம் அவிநாசிக்குப் போயிற்று. அண்ணன் போனிலேயே பேசி முடித்தார். ஏதோ கல்யாணத்துக்குப் போகும் வழியில் பாயின் கடையில் காரை நிறுத்தி, ஒட்டிய உறையைப் பிரிக்காமலே வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் அந்தப் படத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நானே பெருமையோடு போட்டிருந்தேன். எல்லோரும் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள்.

எங்கள் சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடும். அந்த மாதக் கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் என்னுடையது. திரை கட்டி, சுழலும் காசுகளைக் காட்டினேன். தலைவர் எழுந்து, வரப்போகும் கண்காட்சிக்கு எல்லோருடைய காசுகளையும் இவரே படமெடுப்பார் என்று அறிவித்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை என்ற பெயரில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டே பழகியவன் நான். அன்றுதான் முதல்முறையாக மேடையில் நாற்காலி கிடைத்தது. அந்தத் துண்டை எடுக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நாச்சிமுத்து அண்ணன் எழுந்தார்.

“ஏனுங்க பாய், தப்பா நெனைச்சுக்காதீங்க. படத்துல இருக்கறது ஒரு காசு, நீங்க எனக்குக் குடுத்தது வேற காசுங்க.”

கொங்கு நாட்டில் ஒருவரைத் திருடன் என்று சொல்வதற்கும் ‘ங்க’ போடுவோம். அதனால் வலி குறைவதில்லை.

காசை மேசையில் வைத்தார். பக்கத்தில் கைப்பேசியில் என் படம் சுழன்றுகொண்டிருந்தது. பூதக்கண்ணாடிகள் குனிந்தன. படத்தில் வயிற்றுக்குக் கீழே வழவழவென்று இருந்தது, காசில் பள்ளம். படத்தில் எழுத்து நேராக இருந்தது. காசில் நாலு மணி. நல்லதைக் காட்டிவிட்டு மட்டமானதை உறையில் போட்டிருக்கிறார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

பாய் கலங்கவே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. அவரிடம் பதில் இருந்தது. நான் கொடுத்த பதில்.

“அது வெளிச்சமுங்க. சுத்தி வர்றப்ப அப்படித்தான் தெரியுமாம். தம்பி இங்கதான இருக்காரு, அவரே சொல்லுவாருங்க.”

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அங்கே பேராசிரியர் ஒருவர் இருந்தார். கேமரா தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என் ‘வெளிச்ச விஞ்ஞான’த்தை அவர்கள் முன்னால் சொல்ல முடியுமா? ‘திருத்தினேன்’ என்று உண்மையைச் சொன்னால், சற்றுமுன் காட்டிய அத்தனை காசும் பொய்யாகிவிடாதா? தோளில் துண்டு கனத்தது.

“நான் பார்த்ததைத்தானுங்க எடுத்தேன். கேமராவுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. அதுக்குத்தான் கூட என்னைய வெச்சிருக்குது.”

அறை குலுங்கச் சிரித்தார்கள். கவனித்தீர்களா? உண்மையைச் சொல்லியே பொய் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன மிகச் சிறந்த நகைச்சுவை அதுதான்.

பாய் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. முதல்முறையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார். “அப்படிங்களா” என்றார். அவ்வளவுதான். ‘காசு இந்த ஆளோட மாடியில ஒரு நாள் பூரா இருந்துச்சுங்க’ என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பழி என் பக்கம் பாதியாவது சாய்ந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை… அவருக்கு நான் யார்? அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் தாண்ட முடியவில்லை. விற்பனையை அங்கேயே ரத்து செய்துவிட்டு, காசை மாத்திரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

நான் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? அழுதிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? கணினியைத் திறந்து, அந்தக் காசின் அசல் படங்களை, பள்ளத்தோடும் சாய்வோடும் இருந்த அத்தனை படங்களையும், ஒன்றுவிடாமல் அழித்தேன். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். முட்டாள்தனம் அந்த இழுப்போடு முடிந்திருந்தது. இது அயோக்கியத்தனம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பாய் வந்தார். அவர் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்தவர் தன் ஆல்பத்தை மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டார். பாய் அதைப் பார்த்தார். பிறகு அவர் வரவேயில்லை.

சங்கத்தில் நகைக்கடைக்காரர் ஒருவர் உண்டு. செப்புக் காசை மாற்றிய கை, தங்கத் தராசில் என்ன செய்யும் என்று அவர் யோசித்திருக்கிறார். கெட்டவர் இல்லை, அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் யோசிப்பீர்கள். ஒரு கடை தராசை அனுப்புவதை நிறுத்தியது. பிறகு இன்னொன்று. எங்கள் ஊரில் யாரும் யாரைப் பற்றியும் கெட்டதாகப் பேச மாட்டார்கள். “அக்கட்டால குடுத்துப்போட்டோமுங்க” என்பார்கள், வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம் என்று. அவ்வளவில் ஒரு மனிதர் முடிந்துபோவார்.

கண்காட்சி நடந்தது. எனக்கு இன்னும் இரண்டு துண்டு கிடைத்தது.

சொல்லிவிட வேண்டும் என்று கோட்டைமேட்டுக்கு எத்தனையோ தடவை வண்டியை ஓட்டினேன். சந்து முனை வந்ததும் என் ஸ்கூட்டர் தானாக நேரே போய்விடும். வெறுங்கையோடு எப்படிக் கடைக்குள் நுழைவது? ஒரு சாக்கு வேண்டும். எங்கள் சமையலறைத் தராசை எடுத்து, திருகாணியைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங்கை உருவினேன்.

என் மனைவி செல்வி பார்த்துவிட்டாள். “ஏனுங்க, நல்லா இருக்கற தராசை எதுக்குங்க கழட்டறீங்க?”

“ரிப்பேர் செய்யறக்கு.”

“கெடுத்துப்போட்டு ரிப்பேருங்களா?”

என்னை இதைவிடச் சுருக்கமாக யாரும் எடை போட்டதில்லை.

பாயின் மேசை வெறிச்சென்று இருந்தது. ஒரே ஒரு காய்கறிக்கடைத் தராசு, அதுவும் தட்டு உடைந்தது. அதைப் பற்றவைப்பதற்கு மூலையில் ஊதுலை எரிந்துகொண்டிருந்தது. என் தராசைத் திறந்து பார்த்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார்.

“இதுல கோளாறு ஒண்ணும் இல்லீங்க தம்பி. யாரோ ஸ்பிரிங்கைக் கழட்டியிருக்காங்க.”

“எலியா இருக்குமுங்க பாய்.”

“திருகாணிய மறுபடி மாட்டி வெச்சிருக்குதுங்க.”

அப்போதாவது சொன்னேனா? அந்த ஸ்பிரிங் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கை வைத்தால் குத்தியது. “கெட்டிக்கார எலிங்க” என்றேன். அவர் வேறொரு ஸ்பிரிங்கைப் போட்டு, தட்டில் எடைக்கல் வைத்துச் சரிபார்த்துத் தந்தார். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தராசு இன்றும் எங்கள் வீட்டில் இம்மி பிசகாமல் காட்டுகிறது. ஒவ்வொரு முறை செல்வி அதில் பருப்பு நிறுக்கும்போதும் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

போன வாரம்தான் தைரியம் வந்தது. தைரியமா? இல்லை. இனித் தாங்காது என்ற நிலை. அவிநாசிக்குப் போய் நாச்சிமுத்து அண்ணன் முன்னால் நின்று முழுவதையும் சொன்னேன். இழுத்தது, நிரவியது, சபையில் சொன்னது, அழித்தது, எல்லாம்.

அவர் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார்.

“உன்ற தமாசுக்கு அளவே இல்ல கண்ணு.”

“தமாசு இல்லீங்ணா. சத்தியமா நடந்ததுங்க.”

“பாய் கஷ்டப்படறாருன்னு பழிய உன்ற தலைல தூக்கி வெச்சுக்கறே. மனசு பெருசு உனக்கு. அதுக்காக நான் கண்ணுல பார்த்தது பொய்யாயிருமா?”

“நம்புங்ணா…”

“செரி, அந்தக் காசைக் கொண்டா. எங்க எல்லாரு முன்னாலயும் எடு. நீ சொல்ற மாதிரி திருகி, பள்ளத்தை அடைச்சுக் காட்டு. பழைய படத்தோட கீறலுக்குக் கீறல் பொருந்தி வந்துச்சுன்னா நானே பாய் ஊட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கறேன். போதுமா? சாப்புட்டுட்டுப் போ.”

புரிகிறதா உங்களுக்கு? வாழ்நாளெல்லாம் தமாசு பேசியவன் ஒரு முறை உண்மையைப் பேசினால் அதற்கும் சிரிக்கிறார்கள். அதைவிட மோசம், என்னை நல்லவன் என்கிறார்கள். அந்தப் பொய்க் காசு மட்டும் இன்னும் எத்தனையோ கைப்பேசிகளில் சுழன்றுகொண்டிருக்கிறது. தேய்வதில்லை, கறுப்பதில்லை, ஒரு பள்ளமும் விழுவதில்லை.

ஆனாலும் அவிநாசியிலிருந்து திரும்பும்போது எனக்கு உயிர் வந்திருந்தது. வழி இருக்கிறதே! அண்ணன் கேட்டது என் கைக்குப் பழகிய வேலை. அசல் காசு கையில் வந்தால், யானையின் கால் நகத்திலிருந்து வால் நுனிவரை ஒவ்வொரு கீறலும் எனக்காகச் சாட்சி சொல்லும். ‘பாருங்க, இதே காசு, இவன்தான் திருகினான்’ என்று சொல்லும். என் தொழில் போகும். போகட்டும். தோளில் விழுந்த துண்டுகளையெல்லாம் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாயின் மேசைக்கு மறுபடி தங்கத் தராசுகள் வரும்…

நேற்றுக் காலை கோட்டைமேட்டுக்குப் போனேன். சந்து முனையில் ஸ்கூட்டர் நேரே போகவில்லை. கையில் சாக்கு எதுவும் இல்லை. பாய் தனியாக இருந்தார். மேசையில் ஒன்றுமே இல்லை. நாற்காலி கிடந்தும் நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெளிச்சம் பள்ளத்தை ரொப்பாது என்றேன். எலி இல்லை என்றேன். ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை, தேடியும் கிடைக்கவில்லை.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடிக்கும்வரை முகம் பக்கவாட்டில்தான் இருந்தது. கோபமா, எனக்குத் தெரியவில்லை. முன்பே தெரியுமா, அதுவும் தெரியவில்லை. அண்ணன் சொன்னதைச் சொன்னேன். சபை முன்னால் நானே எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். என் இரண்டு கையும் தாமாகவே அவர் முன்னால் நீண்டுவிட்டன.

“அந்தக் காசைக் குடுங்க பாய். ஒரே ஒரு நாளைக்குப் போதுமுங்க.”

அவர் முகத்தைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார்.

“உருக்கிப்போட்டேனுங்க.”